பாட்டுப் பெட்டிக்குள் மாமனார்

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டின் மேல் பாதி தேய்ந்த குளியல் சோப்பு மாதிரி வெள்ளையாக ஒரு பாட்டுப் பெட்டி கிடந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், தனக்குப் புதிது வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காதில் ஒயரை மாட்டினால் ஆயுசுக்கும் பாட்டுக் கேட்கலாம் என்றார். நான் நாமக்கல் பக்கத்தில் கோழித் தீவனக் கடை வைத்திருப்பவன். பண்ணைக்காரர்கள் காலையிலிருந்து என் காதில் பாடுவதே எனக்குப் போதும். பெட்டி சும்மாவே கிடந்தது.

ஆனால் அதற்கு வயிறு பெரிது. அந்தக் காலத்தில் கடைகளில் கிடைத்த பென் டிரைவில் நாலு போட்டோ போட்டால் மூச்சு முட்டிவிடும். இதிலோ எவ்வளவு கொட்டினாலும் வாங்கிக்கொண்டது. கம்ப்யூட்டரில் சொருகினால் அது பாட்டுப் பெட்டி என்பதையே மறந்துவிட்டு வெறும் கிடங்காக மாறிவிடும். கோழி இல்லாத ஷெட்டில் மக்காச்சோள மூட்டை அடுக்குவோமே, அதே கதைதான். பாட்டு போட வேண்டிய இடத்தில் படம் போடலாம். ஒரே ஒரு சங்கடம், அப்படிப் போட்ட படம் பெட்டியின் குட்டித் திரையில் தெரியாது. திரையைப் பார்த்தால் 'பாட்டு எதுவும் இல்லை' என்று சாதிக்கும். கம்ப்யூட்டரில் சொருகித் திறந்தால்தான் உள்ளே இருப்பது கண்ணுக்கு வரும். இதை நான் சங்கடமாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டேன். என் மூளை அப்படி.

அதில் நான் அடுக்கிய மூட்டை எங்கள் கல்யாணம்.

கல்யாண வீடியோ கேசட் பீரோவுக்குள் இருந்து இருந்து பூசணம் பிடித்துவிட்டது. கல்யாணமான புதிதில் வாடகைக்கு டெக் எடுத்து ஒரு தடவை பார்த்ததோடு சரி. சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் இந்த மாதிரி கேசட்டைத் துடைத்துக் கம்ப்யூட்டர் படமாக மாற்றித் தருவதாகக் கேள்விப்பட்டு மனைவி நச்சரித்தாள். அவளுக்கு என் முகத்தையோ தாலி கட்டியதையோ பார்க்கும் ஆசை ஒன்றும் இல்லை. "அதையெல்லாந்தான் தினமும் அனுபவிக்கறனே" என்றாள். அவளுக்கு அவள் அப்பா வேண்டும். கல்யாணமான மறுவருஷமே அவர் போய்விட்டார். சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவில் ரேஷன் கார்டுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருப்பார். கேசட்டில் மட்டும்தான் நடக்கிறார், பேசுகிறார். அதுவும் கொஞ்ச நேரம்தான். அவர் குரல் இருக்கிற ஒரே இடம் அது.

ஸ்டுடியோவுக்குப் போகும்போது படத்தை வாங்கிக்கொள்ள இந்தப் பெட்டியைத்தான் கொண்டு போனேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் இடமில்லை. ஸ்டுடியோக்காரர் படத்தைப் பெட்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "இங்க இருக்கறதை இப்பவே அழிச்சிருவமுங்க, இடம் பத்தாது" என்றார். கேசட்டையும் திருப்பிக் கொடுத்து, "இனி இது எதுக்கும் ஆகாது" என்றார். எதுக்கும் ஆகாது என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கை அரிக்கும். எங்கள் காட்டில் சோளம் பால் பிடித்திருந்தது. குருவியும் மயிலும் வந்து பந்தியில் உட்கார்ந்திருந்தன. கேசட்டை உடைத்து நாடாவை உருவி, குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டினேன். வெயிலில் பளபளவென்று மின்னியது. காற்றடித்தால் விர்ரென்று ஒரு சத்தம். அன்றைக்கு ஒரு குருவி அண்டவில்லை. என் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு எது கிட்டே வரும் என்று பெருமையாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மனைவி கேட்டாள், "படம் என்னாச்சுங்க?"

"பத்திரமா இருக்குது."

எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வருவதாக இருந்தது. அன்றைக்கு எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பது என்று ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, கடையிலிருந்து டிபனுக்கு வீட்டுக்கு வந்தேன். கை கழுவிவிட்டு டிவி ஸ்டாண்டைப் பார்க்கிறேன். பெட்டி இருந்த இடத்தில் அதன் அளவுக்குத் தூசி இல்லாத ஒரு கட்டம் மட்டும் இருந்தது.

"இங்க ஒரு வெள்ளை டப்பா இருந்துச்சே?"

"அதுங்களா, தம்பிக்குக் குடுத்துட்டேன்" என்றாள் இட்லியை எடுத்து வைத்துக்கொண்டே. "போர் போடற ரிக் வண்டி இன்னிக்குக் கிளம்புதுன்னு சொல்லிட்டுப் போக வந்தான். எத்தனை மாசம் அந்தச் சத்தீஸ்கர் காட்டுல கிடப்பான், பாட்டாவது கேக்கட்டும். நீங்கதான் தொடறதே இல்லையே. ஒயரோடவே குடுத்தனுப்பிட்டேன்."

அவள் அப்பாவை அவள் கையாலேயே எடுத்து, ஒயரோடு சுற்றி, போர் போட அனுப்பிவிட்டாள்.

எனக்குப் பதற்றம் வந்தால் நடந்துகொண்டிருப்பதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையை ஆரம்பிப்பேன். ஒரு தடவை கடைக்குள் பாம்பு வந்தபோது தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இட்லியை எட்டுத் துண்டாக வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். மனைவி பார்த்துவிட்டு, "யாருக்கு ஊட்டப் போறீங்க?" என்றாள். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கேசட் இருக்குதல்ல?" என்று அவள் கேட்டிருப்பாள். கேசட் சோளக்காட்டில் மயில் விரட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே சொல்லவில்லை.

போனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டேன். மனைவியின் கடைசித் தம்பி. வீட்டுக்குக் கடைக்குட்டி. அக்காவுக்குக் கல்யாணமானபோது டவுசர் நாடா கட்டத் தெரியாத பயல், இப்போது ரிக் வண்டிக்கு மேனேஜர். பின்னால் கம்ப்ரசர் உறுமுகிற மாதிரி லாரிச் சத்தம் கேட்டது.

"மாப்ளை, எங்கே இருக்கற?"

"கிளம்பியாச்சுங்க மாமா. பூசை போட்டு, பூசணிக்கா ஒடைச்சு, எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்தியாச்சு."

"அந்த வெள்ளை டப்பா..."

"அது ரிப்பேருங்க மாமா. ஒரு பாட்டுக்கூட இல்லைங்குது. சரி, ஏத்திக்கலாம்னு பாத்தா எடமும் இல்லைங்குது. காலியாவும் இருக்குதாம், நெறைஞ்சும் இருக்குதாம். சேலத்துல நம்ம சினேகிதன் கடையில குடுத்து, சுத்தமா அழிச்சுப்போட்டு பாட்டு ஏத்திக்கறேன்."

"அழிக்காதே!"

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. மனைவி சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். நான் குரலை இறக்கி, "அதுல ஒண்ணும் பண்ணாத, அப்படியே வெச்சிரு" என்றேன்.

"ஏனுங்க மாமா?"

"சும்மாதான்."

"உள்ளே என்னமோ இருக்குதுங்களா?"

மனைவி இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அதெல்லாம் இப்பச் சொல்ல முடியாது" என்றேன்.

மறுமுனையில் அவன் சிரித்தான். கமுக்கமான, பெருந்தன்மையான சிரிப்பு.

"புரியுதுங்க மாமா. பக்கத்துல அக்கா நிக்குதா?"

"ஆமா."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்தப் படத்தையெல்லாம் நானே சுத்தமா அழிச்சர்றேன். யாருக்கும் தெரியாது. அக்காகிட்ட சத்தியமா மூச்சு உட மாட்டேன். நிம்மதியா இருங்க."

வைத்துவிட்டான்.

ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்ற இன்னொரு மனிதன் இவ்வளவு வேகமாகப் புறப்பட்டு நான் பார்த்ததில்லை. திரும்பக் கூப்பிட்டேன், வாசலுக்கு வந்து கூப்பிட்டேன், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டேன். அங்கேதான் எடுத்தான்.

"மாப்ளை, அதுல எங்க கல்யாணம் இருக்குது! உங்கப்பா இருக்கறாரு!"

"நல்லாச் சமாளிக்கறீங்க மாமா" என்று மறுபடி சிரித்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. போன முறை அவன் ஊருக்கு வந்தபோது, எங்கள் பூஜையறையில் தண்ணீர் ஊற்று கிளம்பிவிட்டது, ரிக்கை உடனே கொண்டு வா என்று நம்ப வைத்தவன் நான். மனுசன் பண்ணுகிற குறும்புக்கு இதுதான் கூலி.

"சரி, வண்டிய நிறுத்து. நான் வாரேன்."

"அய்யய்யோ, பூசை போட்டு எடுத்த வண்டிங்க. சேலத்துக் கோயில்லதான் மொத நிறுத்தம். அதுக்கு முன்னால திருப்பவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. போன வருசம் ஒருத்தன் ஊட்டுல செல்போனை மறந்துட்டான்னு திருப்புனான், அந்த சீசன் பூரா போட்ட குழியில பொகைதான் வந்துச்சு."

மறுபடி வைத்துவிட்டான். கோயிலுக்கு எதிரிலேயே சினேகிதன் கடை.

மொபெட்டை உதைத்தேன். தீவன மூட்டை கட்டும் ரப்பர் வார் பின்னால் தொங்க, லுங்கியோடு, கடையில் பில் போடும்போது போடுகிற கண்ணாடியோடு கிளம்பினேன். காட்டு வழியாகப் போனபோது சோளத்தட்டுக்கு மேலே எங்கள் முகூர்த்தம் விர்ரென்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நொடி, நாடாவை எல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்டுடியோக்காரர் காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. அதில் ஒரு முனையில் மயில் ஒன்று அலட்சியமாக மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டேன்.

ரிக் வண்டி வேகமாகப் போகாது. தலையில் அத்தனை இரும்பைச் சுமந்துகொண்டு, கூடவே ராடும் சாமானும் ஏற்றிய லாரியை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை அழைப்பு மாதிரிதான் போகும். நான் ஊர்களுக்குள் புகுந்து, குறுக்குத் தடத்தில் விழுந்து எழுந்து, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையில் ஏறினேன். திரும்பிப் பார்த்தால், தூரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த ரிக்கும் பின்னால் லாரியும் மெல்ல ஆடி வருகின்றன. முந்திவிட்டேன்! கையை உயர்த்தி ஒரு கூச்சல் போட்டேன். உயர்த்திய கையைப் பார்த்து, போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் என்னை ஓரங்கட்டினார்.

"ஹெல்மெட் எங்கய்யா?"

"ஊட்டுல இருக்குதுங்க சார்."

"ஊட்டுலயா? தலை எங்க இருக்குது?"

"சார், தயவு பண்ணுங்க சார். பின்னால வருது பாருங்க லாரி, அதுல எங்க மாமனார் போறாருங்க."

"போகட்டும். அதுக்கென்ன?"

"சேலத்துல கொண்டு போயி அழிச்சுப்போடுவாங்க சார்!"

அவர் முகம் மாறியது. தொப்பியைச் சரி செய்துகொண்டார். "யாரு?"

"அவரு மகனேதானுங்க."

"சொத்துத் தகராறா?"

"இல்லீங்க சார், பாட்டுக் கேக்கறதுக்கு."

"மாமனாருக்கு என்ன வயசு?"

"அவரு செத்துப் போயி ரொம்ப வருசமாச்சுங்க."

"ஊது" என்றார்.

ஊதினேன். இட்லியும் தேங்காய்ச் சட்னியும்தான் வந்திருக்கும். அதற்குள் ரிக் பக்கத்தில் வந்துவிட்டது. பைத்தியம் என்று விடுவதா, கேஸ் என்று பிடிப்பதா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டுமென்று அவர் ரோட்டில் இறங்கிக் கை காட்டினார். ரிக் நின்றது. லாரி நின்றது. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "போச்சுங்க, சீசன் போச்சு" என்று கத்தினார். மச்சினன் லாரியிலிருந்து குதித்தான்.

"ஒண்ணும் போகலை. நாமளா நிறுத்துனாத்தான் கணக்கு. போலீசு நிறுத்துனா அது தடத்துல குழி வந்த மாதிரி" என்று டிரைவருக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தான். லுங்கியைப் பார்த்தான். போலீஸ்காரரைப் பார்த்தான். பக்கத்தில் வந்து காதோடு, "இதுக்குப் போயி போலீசு வரைக்கும் வரலாமுங்களா மாமா? நாந்தான் அழிச்சர்றேன்னு சொன்னனே" என்றான்.

"இவரு உங்க ஆளா?" என்றார் போலீஸ்காரர்.

"எங்கக்கா ஊட்டுக்காரருங்க சார்."

"உங்கப்பா லாரில இருக்காரா?"

"எங்கப்பா இல்லீங்க சார். நான் சின்னப் பையனா இருக்கறப்பவே..."

"ரெண்டு பேரும் முதல்ல இங்கிருந்து போங்க" என்றார் அவர். எங்கள் குடும்பத்தில் தெளிவான ஆளே கிடையாது என்று அவருக்கு முடிவாகிவிட்டது. "ஹெல்மெட் போட்டுக்கிட்டு மாமனாரைத் தேடு" என்று எனக்குத் தனியாக ஒன்று சொன்னார்.

டப்பாவைக் கொடு என்றேன். மச்சினன் கொடுக்கவில்லை. சட்டைப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"அக்கா வாழ்க்கைங்க மாமா. இதை உங்க கையில குடுத்தனுப்ப எனக்கு மனசு வரலை. அதுல அப்பா இருக்கறாருன்னு சொன்னீங்கல்ல? காட்டுங்க பார்க்கலாம்."

ரோட்டோரத்திலேயே ஜெராக்ஸ் கடை ஒன்று இருந்தது. ஒரு அம்மா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து யாருக்கோ சாதிச் சான்றிதழ் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். மச்சினன் ஒயரை நீட்டிக்கொண்டே, "அக்கா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய நின்னா நல்லது" என்றான்.

"எங்கடைல நான் ஏங்கண்ணு வெளிய நிக்கோணும்?"

"பொம்பளைங்க பாக்கற மாதிரி இருக்காதுங்க."

"அப்படியாப்பட்டதை எங்கடையில போட வேண்டாம்" என்று அந்த அம்மா ஒயரைப் பிடுங்கப் போனார். நான் குறுக்கே பாய்ந்து, "கல்யாணங்க! கல்யாணம்!" என்று அலறி, சொருகி, திறந்தேன். மச்சினன் மரியாதையாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒரு பைலைத் தட்டினேன். சீர் சாமான் எடுத்து வைக்கிறார்கள். இன்னொன்று. நான் மாலைக்குள் மூழ்கி மூக்கு மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கிறேன். மேளச் சத்தம் கேட்டு அவன் பாதி திரும்பினான். அடுத்ததைத் தட்டினேன்.

மண்டபத்துப் பின் வாசல். அவர் நிற்கிறார். தோளில் துண்டு, இடுப்பில் ஒரு பயல். பயல் வாயைத் திறந்து அழுதுகொண்டிருக்கிறான்.

"அழுவாத சாமி. அக்கா எங்கயும் போகலை. இங்க இருக்கற நாமக்கல்லுக்குத்தான் போறா. நெனைச்சா நாம பொடி நடையாப் போயிரலாம், செரியா? ம்?"

கரகரப்பான குரல். கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல்.

மச்சினன் முழுதாகத் திரும்பிவிட்டான்.

"யாருங்க மாமா அது?"

"உங்கப்பன்."

"இடுப்புல?"

"நீதான்டா."

அவன் குனிந்து திரைக்குப் பக்கத்தில் போனான். நான் நிறுத்தி, மறுபடி அந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன். மறுபடி அவர் சொன்னார், அழுவாத சாமி என்று. ஜெராக்ஸ் அம்மா எட்டிப் பார்த்து, "உங்க அப்பாவா? மூக்கு அப்படியே உரிச்சு வெச்சிருக்குது" என்றார். அவன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

"எனக்கு அவரு பேசி ஒண்ணுமே நெனப்பில்லைங்க மாமா" என்றான். "அம்மா சொல்லும், அக்கா சொல்லும். நானும் ஆமா ஆமாம்பேன். சும்மா. நெனப்பே கிடையாது."

ஒயரைப் பிடுங்கினான். சுற்றினான். நேராக லாரிக்குப் போய் டிரைவரிடம் என்னமோ பேசினான். டிரைவர் கையை ஆட்டி மறுப்பது தெரிந்தது. இவன் விடவில்லை. கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரிக்கும் லாரியும் அவனை விட்டுவிட்டு சேலத்தைப் பார்த்து நகர்ந்தன.

"என்னடா மாப்ளை?"

"வண்டிதானுங்க திரும்பக் கூடாது. எனக்கு யாரு எலுமிச்சம்பழம் வெச்சா? நான் திரும்பலாம். அம்மா பாத்த பின்னால திங்கக்கிழமை ரயிலேறிப் போயிப் புடிச்சுக்கறேன்" என்று மொபெட்டில் ஏறி உட்கார்ந்தான். ரோட்டில் ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் பின்னாலிருந்து, "மெல்லங்க மாமா, உள்ள ஆடுதுங்க" என்றான்.

வீட்டில் நடந்ததைக் கொஞ்சம்தான் சொல்வேன். மனைவி தம்பியைப் பார்த்து, அவன் கையிலிருந்ததைப் பார்த்து, கதையைக் கேட்டு, "பத்திரமா இருக்குதுன்னு சொன்னீங்களே!" என்றாள். பத்திரமாகத்தான் இருந்தது, நீதான் எடுத்துக் கொடுத்தாய் என்பது உண்மை. சில உண்மைகள் தொண்டையிலேயே நல்லபடியாக இருக்கும். கேசட்டைப் பற்றிய விசாரணையும் அன்றே முடிந்தது. அதை இங்கே எழுதுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார். மச்சினன் என்னிடம் கொடுக்காமல் தானே பெட்டியைக் கம்ப்யூட்டரில் சொருகினான். மாமியார் அழுவார் என்று நாங்கள் எல்லோரும் தயாராக இருந்தோம். மனைவி முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மாமியார் அழவில்லை. மாமனாரைத் திரையில் பார்த்ததும் சண்டைக்குப் போய்விட்டார்.

"நிக்கறதப் பாரு, என்னமோ இவருக்குக் கல்யாணம் மாதிரி. அன்னிக்கு ரெண்டாம் பந்தியில ரசம் பத்தலைன்னு நான் அலைஞ்சுக்கிட்டிருக்கறேன், இந்த மனுசன் புள்ளைய வெச்சுக்கிட்டு வாசல்ல கதை பேசிக்கிட்டு நிக்கறாரு!"

"அம்மா, பேசாம இரு, அப்பா பேசறாரு" என்றாள் மனைவி.

அவர் பேசினார். அழுவாத சாமி. பொடி நடையாப் போயிரலாம். மச்சினன் தரையில் திரைக்கு நேர் எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புதுச்சத்திரத்தில் ஹாரன் அடித்ததால் நாங்கள் அதற்கு மேல் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தோம். அவருக்குத் தன்னைப் படம் பிடிப்பது தெரிந்துவிடுகிறது. நேராக எங்களைப் பார்க்கிறார். வெட்கம் வந்து துண்டை இழுத்து விட்டுக்கொள்கிறார்.

"என்னையவே ஏஞ்சாமி புடிச்சுக்கிட்டிருக்கற? அங்க போ. அங்க போயி கல்யாணப் பொண்ணைப் புடி" என்று கையை வீசுகிறார்.

கேமரா அவர் சொன்னபடி திரும்பிவிடுகிறது. மணமேடை வருகிறது, நான் வருகிறேன், ஆட்கள் வருகிறார்கள். அவர் மறுபடி வருவதில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் மாமியார்.

"அவ்வளவுதான்மா" என்றான் மச்சினன்.

மாமியார் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"அவரு போன்னா அந்தக் கேமராக்காரன் போயிர்றதா? கூறுகெட்டவன். இன்னுங்கொஞ்ச நேரம் நின்னாத்தான் என்னவாம்?" என்றார். அப்புறம் மகனைப் பார்த்து, "மறுக்காப் போடு சாமி" என்றார்.